உருளைக்கிழங்கு வேரில் மஞ்சள் உருண்டையா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

பாத்தியில் செடிகள் திட்டுத் திட்டாகக் குட்டையாக நின்று, வெயில் ஏறினதும் துவண்டுபோனால் நுவரெலியாப் பக்கம் பலர் உடனே செய்வது இன்னொரு தரம் உரம் போடுவது. முதல் தவறு அதுதான். வேரைப் பாருங்கள். பூக்கிற நேரத்தில் ஒரு செடியை மண் கிளறும் முள்ளால் மண்ணோடு கிளப்பி, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசினால், குண்டூசித் தலையை விடச் சின்னதாக வெள்ளையும் பொன்மஞ்சளுமாக உருண்டைகள் ஒட்டியிருக்கும். இழுத்துப் பிடுங்கினால் உதிர்ந்துவிடும், அப்புறம் "ஒன்றுமில்லையே" என்று போய்விடுவீர்கள்.

ஒவ்வொரு உருண்டையும் ஒரு பெண் வட்டப்புழு, அதாவது நெமட்டோடு. முட்டையிலிருந்து வந்த குஞ்சு வேர் நுனிக்குப் பக்கத்தில் துளைத்துப் போய், ஓரிடத்திலேயே உட்கார்ந்து சாறு குடித்து, ஊதிப்போய், வேரைப் பிளந்துகொண்டு வெளியே தெரிகிறது. செத்த பிறகு அதன் தோலே கெட்டியாகி, சில நூறு முட்டைகளோடு பழுப்புக் கூடாக மண்ணில் விழும். அந்தக் கூட்டுக்குள் முட்டை 20 வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். பெரும்பாலான முட்டைகள் பொரிப்பது, உருளைக்கிழங்கு வேர் கசியவிடும் சாறு பட்ட பிறகுதான்.

ஒரு போகம் லீக்ஸ் போட்டாயிற்று, இனி சரி என்று நினைப்பது இதனால்தான் எடுபடாது. லீக்ஸ், கரட், கோவா எதிலும் இது வளராது, நல்லதுதான். ஆனால் மண்ணில் இருப்பது வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும், சில வருட இடைவெளியாவது வேண்டும். நடுவில் தக்காளி, கத்தரி போட்டால் கதையே வேறு, அவையும் இதற்குச் சாப்பாடு. அதைவிட மோசம், அறுவடையில் தவறிய பொடிக் கிழங்கு கரட்டுக்கு நடுவே தானாக முளைக்கும்போது "கிடக்கட்டும், கறிக்கு ஆகும்" என்று விடுவது. பயிர் மாற்றியதே வீண்!

மருந்தை மட்டும் நம்பாதீர்கள், கூட்டுக்குள் இருக்கிற முட்டைக்கு அது சரியாக எட்டாது. எதிர்ப்புள்ள ரகம் உதவும்: குஞ்சு வேருக்குள் போனாலும் பெண்ணாக வளர முடியாது. ஆனால் ஒரே ரகத்தை விடாமல் போட்டால் அதைத் தாண்டுகிற புழு பெருகும்.

இது தானாக வெகுதூரம் நகராது, தூக்கிப்போவது நாம்தான். மண் ஒட்டிய விதைக்கிழங்கு, கூலிக்கு எடுத்த உழவு மெசின், பூட்ஸ், மேல் பாத்தியிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர், எல்லாமே வழி. லீக்ஸ் நாற்றுக்கு இந்தப் புழுவால் ஒன்றும் ஆகாது, ஆனால் அதன் வேர் மண்ணில் கூடு வரும், இதை யாரும் யோசிப்பதில்லை. சந்தேகமான பாத்தியில் கடைசியாக வேலை செய்யுங்கள், மண்வெட்டியை அங்கேயே கழுவிவிட்டு வாருங்கள், மண் மாதிரியோடு விவசாயப் போதனாசிரியரைப் பாருங்கள்.