கவசம் குழம்பு அல்ல: பூமியின் உள்ளடுக்கிலும் பனியாற்றிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூமியின் உள்ளமைப்பை வரையும்போது கவசம் (mantle) என்ற அடுக்குக்குச் சிவப்பு வண்ணம் பூசி, அதைக் கொதிக்கும் குழம்புக் கடலாக நினைத்துக்கொள்கிறோம். மிகவும் பரவலான தவறு இதுதான். மேலோட்டுக்குக் கீழே ஏறத்தாழ 2,900 கி.மீ. ஆழம் வரை இருக்கும் கவசம் திடப்பாறை. நிலநடுக்கத்தின் எஸ் அலைகள் திரவத்துக்குள் போகாது. கவசத்தை அவை தாராளமாகக் கடக்கின்றன. நின்றுபோவது அதற்கும் கீழே, பூமியின் நடுப்பகுதியான கருவத்தின் வெளியடுக்கில், அதாவது வெளிக்கருவத்தின் எல்லையில். உருகிய அடுக்கு அதுதான். அதற்காகக் கருவம் முழுவதையும் திரவம் என்று எழுதிவிடக் கூடாது. நடுவில் திடமான உட்கருவம் இருப்பதை டென்மார்க்கைச் சேர்ந்த இங்கெ லேமான் 1936இல் கண்டறிந்தார்.

சரி, கவசம் திடம் என்றால் அசையாதா? இங்கேதான் பலர் அடுத்த தவறைச் செய்கிறார்கள். வெப்பமும் அழுத்தமும் சேர்ந்தால் திடப்பாறையும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகரும். பனியாறும் அப்படித்தான்: கட்டியாகவே இருந்து, தன் எடையால் சரிவில் இறங்கும். 'பனியாறு பின்வாங்குகிறது' என்று படித்துவிட்டு, பனி மேல்நோக்கித் திரும்பிப் போவதாக நினைக்க வேண்டாம். பனி எப்போதும் போல இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மேலிருந்து வந்து சேர்வதைவிட வேகமாக அதன் முனை உருகுகிறது, அவ்வளவுதான்.

பாறையை வெறும் பனி தேய்த்துவிடுவதும் இல்லை. அடியில் சிக்கிய கற்களும் மணலும் உப்புத்தாள் போல உராய்கின்றன. விரிசலில் புகுந்து உறையும் நீர் பாறைத்துண்டுகளைப் பெயர்த்தெடுக்கிறது. ஆறு வெட்டிய வி வடிவப் பள்ளத்தாக்கு இப்படித்தான் யு வடிவமாக அகல்கிறது. பனியாறு குடைந்து, பிறகு கடல் புகுந்த பள்ளத்தாக்கான நார்வேயின் சோக்னே ஃபியோர்டு 1,300 மீட்டர் ஆழம் வரை தோண்டப்பட்டிருக்கிறது. அப்புறம், படிவுகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: ஆறு கல்லையும் மணலையும் தரம்பிரித்துப் போடும், பனியாறு பாறாங்கல்லையும் களிமண்ணையும் ஒன்றாகக் கொட்டும். அதுதான் மொரைன்.

பூமியின் உள்ளடுக்கையும் பனியாற்றையும் தனித்தனிப் பாடமாகப் படிப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பனிக்காலத்தில் ஸ்காண்டினேவியாவை அழுத்திய பனிப்போர்வை உருகி ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆகின்றன. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையே உள்ள போத்னியா வளைகுடாவின் வடபகுதிக் கரை இன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 செ.மீ. உயர்கிறது. சுவீடன் வானியலாளர் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1731இல் அதே வளைகுடாவில் ஒரு பாறையில் கடல்மட்டத்தைக் குறித்து வைத்து ஆராய்ந்தவர். கடல்நீர் வற்றுகிறது என்றே அவர் நம்பினார். உயர்ந்தது நிலம். பனியின் பாரத்தில் பக்கவாட்டில் ஒதுங்கிய கவசப்பாறை, திடமாக இருந்தபடியே இன்னும் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.