வேலை நின்றால் வீட்டுச் செலவு நிற்காது: கொங்குப் பக்கத்துச் சம்பளக்காரர்கள் முன்கூட்டிச் செய்ய வேண்டியவை

திருப்பூரில் வேலை போவது பெரும்பாலும் கடிதமாக வராது. சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது "இப்ப ஆர்டர் இல்லைங்க, வந்தா கூப்பிடறோம்" என்பார்கள், அவ்வளவுதான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது இந்தப் பேச்சு நிறைய பேர் காதில் விழுந்தது. கோயமுத்தூர் சரவணம்பட்டிப் பக்கம் ஐடி ஆட்களுக்கு வேறு மாதிரி நடக்கும். அறைக்குள் கூப்பிட்டு, "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டா உங்களுக்கும் நல்லது" என்பார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். பின்னால் நீங்கள் எங்கே பணம் கேட்டுப் போனாலும், நீங்களாக நின்றீர்களா, அவர்கள் நிறுத்தினார்களா என்பதைத்தான் முதலில் கேட்பார்கள்.

முதலில் தனியார் இன்சூரன்ஸ். வேலை போனால் மாதாமாதம் சம்பளம் மாதிரி தரும் தனிப் பாலிசி என்று நம் ஊரில் தேடி அலைய வேண்டாம். கிடைப்பதெல்லாம் வீட்டுக் கடனோடும் தீவிர நோய் பாலிசியோடும் ஒட்டி வரும் கூடுதல் பாதுகாப்புதான். அதுவும் பெரும்பாலும் மூன்று மாத இஎம்ஐயைக் கட்டும், வீட்டு மளிகைக்கு ஒரு ரூபாய் தராது. கடன் கையெழுத்தாகிற நாளில் மேனேஜர் பத்துக் காகிதத்தோடு இதையும் நீட்டுவார். அப்போது மூன்று கேள்வி கேளுங்கள். வேலையிழப்புப் பகுதிக்கு மட்டும் பிரீமியம் எவ்வளவு? பாலிசி எடுத்து எத்தனை நாள் கழித்துப் போன வேலைக்குச் செல்லும்? காண்ட்ராக்ட், பீஸ் ரேட் ஆட்களுக்கு உண்டா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் பதில் வரும். சொந்தத் தொழில், புரொபேஷன் காலம், ராஜினாமா, ஒழுங்கு நடவடிக்கை எல்லாமே வழக்கமாக விலக்குப் பட்டியலில் இருக்கும். பிரீமியத்தைக் கடன் தொகையிலேயே சேர்த்துவிட்டால் அதற்கும் கடன் முடியும்வரை வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். பிடிக்கவில்லை என்றால் பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். என்னைக் கேட்டால், நிரந்தர வேலையில் இருந்து பெரிய இஎம்ஐ கட்டுகிறவர் யோசிக்கலாம், பனியன் கம்பெனி டெய்லருக்கு இது தண்டச் செலவு.

டெய்லருக்கு இதைவிட நல்லது ஏற்கெனவே சம்பளத்தில் பிடிக்கப்படும் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு 0.75 சதவீதம் பிடித்து, கம்பெனி 3.25 சதவீதம் போடுகிறது. இதை ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். 2018-ல் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தில், வேலை போனவருக்குச் சராசரி தினக் கூலியில் பாதி, 90 நாள் வரைக்கும், வாழ்நாளில் ஒரு முறை கிடைக்கும். 18,000 சம்பளக்காரருக்கு மொத்தமாக 27 ஆயிரத்தை ஒட்டி வரும். பெரிய தொகை இல்லைதான், ஆனால் மூன்று மாத வாடகையும் அரிசியும் அதில் ஓடிவிடும். கடைசிப் பங்களிப்புக் காலத்தில் (இஎஸ்ஐ கணக்கில் ஆறு மாதம் ஒரு காலம்) குறைந்தது 78 நாள் பணம் கட்டியிருக்க வேண்டும், அதற்கு முந்தைய காலங்களில் ஒன்றிலும் 78 நாள் வேண்டும். இந்தத் திட்டத்தை அவ்வப்போது நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள், அதனால் விண்ணப்பிக்கும்போது கிளை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆலையே மூடிப்போனாலோ ஆட்குறைப்பு என்றாலோ ராஜீவ்காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டம் இருக்கிறது, அது இன்னும் நீண்ட காலத்துக்கு வரும்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பதிவேட்டில் உங்கள் நாட்கள் உண்மையாக ஏறியிருக்கிறதா? மாதம் 26 நாள் தைத்தவருக்குப் பத்து நாள் காட்டும் கம்பெனிகளும் இருக்கின்றன. வேலையில் இருக்கும்போதே இஎஸ்ஐ தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு, எத்தனை நாள், எவ்வளவு சம்பளம் என்று பாருங்கள். பெயர், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். வேலை போன பிறகு போனால் பழைய கம்பெனி அலுவலகத்தில் யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.

பி.எஃப். கணக்குக்கும் இதே கதைதான். கடைசி நாளைக் கம்பெனி பதியாவிட்டால், கடைசிச் சந்தா ஏறி இரண்டு மாதம் கழித்து நீங்களே தளத்தில் வெளியேறிய தேதியைப் பதியலாம். இப்படி ஒரு வழி இருப்பது தெரியாமல் ஏஜென்டுக்குக் காசு கொடுப்பவர்கள் ஏராளம். பணத்தை முழுதாக வழித்தெடுக்க அவசரப்பட வேண்டாம். அடுத்த கம்பெனியில் சேர்ந்ததும் பழைய கணக்கை மாற்றிக்கொண்டால் பென்ஷனுக்கான சர்வீஸ் அறுந்துபோகாமல் இருக்கும். ஐந்து வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி கேளுங்கள். ஆட்குறைப்பு என்றால் முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு தனி.

அரசு வேலைவாய்ப்பு அலுவலக உதவித்தொகையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பதிந்து ஐந்து வருடம் காத்திருப்பவர்களுக்கு, பட்டதாரிக்கே மாதம் 600 ரூபாய்.

அப்புறம் சீட்டு. நம்ம ஊரில் சீட்டுப் போடாத வீடு குறைவு, ஆனால் வேலை நிற்கும்போது அது இரண்டு விதமாக நிற்கும். எடுக்காத சீட்டு கையிருப்பு, தள்ளி எடுத்துவிட்ட சீட்டு, அதாவது ஏலத்தில் ஒரு தொகையைத் தள்ளுபடி விட்டு முன்னாலேயே எடுத்தது, கடன். முதல் நான்கு மாதத்திலேயே தள்ளி எடுத்து ஸ்கூட்டர் வாங்கியிருந்தால், மிச்ச மாதங்களுக்குச் சம்பளம் இருக்கிறதோ இல்லையோ கட்டித்தான் ஆக வேண்டும். அதனால் ஆர்டர் மெலிகிறது, ஷிப்ட் குறைகிறது என்று தெரிந்தால் சீட்டைத் தள்ளி எடுக்காதீர்கள், புதிதாகவும் சேராதீர்கள். பதிவு செய்யாத சீட்டில் நடத்துகிறவரே கை விரித்தால் கேட்க நாதியில்லை. கையிருப்புக்கு மாதாமாதம் கட்டும் தபால் அலுவலக ஆர்.டி. சேமிப்பு போதும். வாரச் சம்பளக்காரர் சனிக்கிழமையே ஒரு பகுதியை வேறு கணக்கில் போட்டுவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போவதற்கு முன்னால். எத்தனை மாதச் செலவு வேண்டும் என்பதற்கு ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். வீட்டில் இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தால் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வைத்திருங்கள்.

அதையும் தாண்டிப் பணம் முடை என்றால் நகையை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைக்கலாம். தினவசூல்காரரிடம் போக வேண்டாம். நகை வைப்பதற்கு முன்னால், இஎம்ஐ தவறுவதற்கும் முன்னாலேயே, கடன் கொடுத்த வங்கிக்குப் போய் வேலை போன விவரத்தை எழுதிக் கொடுத்துத் தவணைக் காலத்தை நீட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.