மோடம் இல்லாமல் டெலிக்ஸ்: ஃபைபர் இணைப்பில் பழைய டயல்-அப் மென்பொருள்

பெரம்பூரிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் பரண்மேல் தூங்கும் ஃப்ளாப்பிப் பெட்டிகளைத் துழாவினால் டெலிக்ஸோ புரோகாமோ (தொலைபேசி வழியாக வேறு கணினியோடு இணைய உதவிய பழைய டாஸ் மென்பொருள்கள்) அகப்படக்கூடும். 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இணையச் சேவையைத் தொடங்கிய காலத்தில், மாணவர் கணக்கு என்றால் வெறும் எழுத்துத் திரைதான். அதற்கு இந்த மென்பொருள்களே போதுமானவையாக இருந்தன.

இன்று அவற்றை ஓட்ட நினைப்பவர்கள் முதலில் மின்னணுக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் பழைய மோடம் தேடுகிறார்கள். வேண்டாம். ஃபைபர் பெட்டியின் பின்னால் உள்ள தொலைபேசித் துளையில் அதைச் செருகினாலும் பெரும்பாலும் இணைப்பு நிலைக்காது. மோடம் தகவலை ஒலியாக மாற்றி அனுப்பும்; ஃபைபரிலோ அந்த ஒலி துண்டு துண்டாக நறுக்கப்பட்டுப் போகிறது. ஒரு துண்டு தாமதமானால் நம் காது பொறுத்துக்கொள்ளும், மோடம் பொறுக்காது.

நல்ல வேளையாக, டெலிக்ஸுக்குத் தொலைபேசியைப் பற்றி எதுவுமே தெரியாது. மோடம் செருகப்படும் சீரியல் போர்ட்டில் கட்டளையை எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும், அவ்வளவுதான். அந்தப் பதிலை, பழைய டாஸ் மென்பொருள்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளே மோடம் வேடம் போட்டுக் கொடுத்துவிடும்.

படி 1: ஒரே வைஃபையில் உள்ள இரண்டு கணினிகளிலும் டாஸ்பாக்ஸை நிறுவுங்கள். அதன் அமைப்புக் கோப்பில் 'சீரியல்1=டம்மி' என்ற வரி இருக்கும். அதை 'சீரியல்1=மோடம் லிசன்போர்ட்:5000' என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் மாற்றிச் சேமியுங்கள். ஃபயர்வால் அனுமதி கேட்டால் கொடுங்கள்.

படி 2: டாஸ்பாக்ஸுக்குள் டெலிக்ஸைத் திறந்து, காம்1 போர்ட், 57600 வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று அமையுங்கள். வெற்றுத் திரையில் ஏடி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை அடித்து என்டர் தட்டுங்கள். 'ஓகே' வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள். பெரும்பாலும் படி 1-இன் வரியில் பிழை இருக்கும்.

படி 3: இப்போது டயல். அட்டென்ஷனின் முதல் இரண்டு எழுத்து, டயலின் முதலெழுத்து, டோனின் முதலெழுத்து ஆகியவற்றைச் சேர்த்து (ஏடிடிடி) ஆங்கிலத்தில் அடித்து, தொலைபேசி எண்ணுக்குப் பதில் மற்ற கணினியின் முகவரியை 192.168.1.5:5000 என்பதுபோல் கொடுங்கள். அந்தப் பக்கம் 'ரிங்' என்று வரும். அங்கிருப்பவர் ஏடிஏ என்று அடித்தால் இரு திரையிலும் 'கனெக்ட்' தோன்றும். அதோடு வரும் வேக எண் வெறும் சம்பிரதாயம். நீங்கள் அடிப்பது உங்களுக்கே தெரியவில்லையென்றால் லோக்கல் எக்கோவை (அடிப்பதை உங்கள் திரையிலும் காட்டும் வசதி) இயக்குங்கள்.

கோப்பு அனுப்ப பேஜ்-அப், பெற பேஜ்-டவுன். நெறிமுறையாக இசட்மோடமைத் தேர்ந்தெடுங்கள்.

ராயபுரத்து நண்பரை அழைப்பதில்தான் சிக்கல். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வேன் (WAN) முகவரியை, அதாவது இணையப் பக்கத்து முகவரியைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்கிறார்கள் என்று பொருள். நீங்கள் வெளியே டயல் செய்யலாம், உங்களை யாரும் அழைக்க முடியாது. பொது முகவரி உள்ளவர் தன் ரவுட்டரில் 5000 என்ற போர்ட்டுக்கு வருவதைத் தன் கணினிக்குத் திருப்பிவிட்டு அழைப்புக்குக் காத்திருக்கட்டும்; மற்றவர் டயல் செய்யட்டும். இந்த இணைப்பில் மறையாக்கம் கிடையாது, ஆகவே கடவுச்சொல் எதையும் அடிக்காதீர்கள். வேலை முடிந்ததும் ஆல்ட்-எச் அழுத்தித் துண்டித்துவிட்டு, ரவுட்டரில் திறந்த போர்ட்டை மூடிவிடுங்கள்.