க்ரீம் இருந்தால் போதும், பஞ்சு போன்ற பிஸ்கட்

அமெரிக்கத் தென் மாநிலங்களில் காலை உணவுக்குச் சுடும் பிஸ்கட் மொறுமொறுவென்று இருக்காது. நன்றாக உப்பி, மெத்தென்று இருக்கும். அதற்கு எளிய வழி இது.

2 கப் மைதா, 1 டேபிள்ஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு கலந்து, இனிப்பில்லாத கெட்டி க்ரீம் ஒன்றேகால் கப் ஊற்றுங்கள். க்ரீமிலேயே கொழுப்பு இருப்பதால் வெண்ணெய் வேண்டாம். மாவு திரண்டதும் கையை எடுத்துவிடுங்கள். சப்பாத்திக்குப் பிசைவது போல அழுத்திப் பிசைந்தால் கல்லாகிவிடும், இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

முக்கால் அங்குல கனத்தில் தட்டி, டம்ளர் விளிம்பில் மாவு தொட்டு நேராக அழுத்தி வெட்டுங்கள். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு சரியாக எழும்பாது. தட்டில் ஒன்றையொன்று தொட்டபடி அடுக்கி, முன்பே சூடாக்கிய அவனில் 220 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம் வையுங்கள். சூட்டோடு பிளந்து, தேன் விட்டுச் சாப்பிட அருமை.