இந்தக் கோடையில் பெங்களூரிலேயே இருந்து பாருங்கள்

பங்குனி பிறந்தால் போதும், பெங்களூருக்குப் புதிதாக வந்த நம் ஆட்கள் எல்லோரும் ரயில் டிக்கெட் பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். யுகாதிக்கு ஒரு நாள் லீவு, அதோடு சனி ஞாயிறு சேர்ந்தால் மூன்று நாள். சரி, ஊருக்குப் போய்விடலாம் என்று தோன்றும். நானும் முதல் நான்கு வருடம் அப்படித்தான் ஓடினேன். வெள்ளிக்கிழமை ராத்திரி சில்க் போர்டில் ஆரம்பிக்கும் நெரிசல் அத்திப்பள்ளி தாண்டும்வரை விடாது. விடிந்து வீடு போய்ச் சேர்ந்து, ஒருநாள் தூங்கி, மறுநாள் ராத்திரி திரும்பவும் பஸ். ஐந்தாவது வருடம் என் மனைவி நிறைமாதமாக இருந்ததால் எங்கும் போகவில்லை. அந்தக் கோடையில்தான் இந்த ஊரை நாங்கள் முதன்முதலாகப் பார்த்தோம். அதனால்தான் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்: ஒரு கோடை, ஒரே ஒரு கோடை, இங்கேயே இருங்கள்.

முதலில் வருவது யுகாதி. மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ வரும், சில வருடம் கொஞ்சம் முந்தியே வந்துவிடும். முந்தின நாள் சாயங்காலம் கே.ஆர். மார்க்கெட்டுக்கோ காந்தி பஜாருக்கோ மல்லேஸ்வரத்துக்கோ போனால் மாவிலையும் வேப்பங்கொத்தும் நடைபாதை முழுக்கக் குவிந்து கிடக்கும். பூ வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இங்கே முழத்தோடு மாரும் உண்டு. ‘ஒந்து மாரு’ என்றால் இரண்டு கையையும் விரித்து அளக்கிற நீளம். முழக்கணக்கில் விலையை நினைத்துக்கொண்டு போனால் அதிகம் சொல்கிறார்கள் என்று தோன்றும். அளக்கிறதைப் பார்த்தால்தான் புரியும்.

யுகாதி காலையில் வேப்பம்பூவும் வெல்லமும் கலந்து கொடுப்பார்கள், ‘பேவு பெல்ல’ என்று பெயர். எங்கள் வீட்டு ஓனரம்மா ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் கொண்டுவந்து வாசலில் நின்று ‘தகொள்ளி’ என்று நீட்டினார். அதற்குமுன் நாலு வருடமும் அவர் அந்தக் கிண்ணத்தோடு மாடியேறி வந்து, பூட்டியிருந்த கதவைப் பார்த்துவிட்டு இறங்கிப் போயிருக்கிறார். அன்றைக்குத்தான் அது எனக்குத் தெரிந்தது. மனசு ரொம்பச் சங்கடப்பட்டது. நீங்கள் வாங்கும்போது வலது கையால் வாங்கி, அங்கேயே வாயில் போட்டுக்கொண்டு, ‘ஹப்பத ஷுபாஷயகளு’ என்று சொல்லுங்கள். உச்சரிப்பு எப்படி இருந்தாலும் அவர்கள் முகம் மலரும். மத்தியானம் ஒப்பட்டும் வரும். நம் போளிதான். பருப்பு வேகவைத்த தண்ணீரில் வைக்கிற ஒப்பட்டுச் சாறு கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள், அது நம் வீடுகளில் இல்லாத ருசி. பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். சித்திரை ஒன்றாம் தேதி வைக்கிற மாங்காய்ப் பச்சடியில் கொஞ்சம் போட்டுக் கொடுங்கள். யுகாதிக் கொத்தில் மிஞ்சுகிற வேப்பம்பூவை உதிர்த்து மொட்டைமாடியில் காயவைத்தால் அந்தப் பச்சடிக்கு அதுவே ஆகும். புத்தாண்டு சமயத்தில் வேப்பம்பூவுக்காக அலைய வேண்டியதில்லை.

யுகாதிக்கு மறுநாள் ‘ஹொச தொடகு’. அசைவம் சாப்பிடும் வீடுகளில் கறி நாள். கறிக்கடை வாசலில் இருட்டோடு வரிசை நிற்கும். உங்களுக்கும் வேண்டுமென்றால் ஆறு மணிக்குள் போய்விடுங்கள்.

நம் சித்திரை ஒன்றுக்கு இங்கே தனியாக லீவு கிடையாது. ஆனால் ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள் என்பதால் அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை. தனியார் கம்பெனிகளில் எல்லோரும் விடுவதில்லை, முன்கூட்டியே கேட்டுவையுங்கள். அல்சூர் பக்கம் போனால் அன்றைக்குத் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஏரிக்கரையில் 2009-இல் திறந்த திருவள்ளுவர் சிலை இருக்கிறது, பக்கத்திலேயே தமிழ்ச் சங்கம், கொஞ்சம் நடந்தால் சோமேஸ்வரர் கோயில். அல்சூருக்கு மெட்ரோவில் ஹலசூரு என்று பெயர், அங்கே இறங்கிக்கொள்ளலாம்.

யுகாதியை அடுத்து வருவது ராமநவமி, எனக்கு மிகவும் பிடித்த நாள். அன்றைக்குப் பசவனகுடி, ஜெயநகர், சாம்ராஜ்பேட்டை என்று எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு சின்னப் பந்தலும் அதற்குள் ஒரு ராமர் படமும் இருக்கும். முன்னால் மேசை போட்டு மூன்று பாத்திரம் வைத்திருப்பார்கள். ஒன்றில் பானகம்: வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய். இன்னொன்றில் கறிவேப்பிலை மிதக்கிற நீர்மோர். இங்கே மஜ்ஜிகெ என்பார்கள். மூன்றாவதில் கோசம்பரி. நம் கோசுமல்லியேதான், ஊறவைத்த பாசிப்பருப்பில் வெள்ளரியும் தேங்காயும் கொத்தமல்லியும் போட்டுக் கடுகு தாளித்தது. யார், எந்த ஊர் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. போய் நின்றால் கொடுப்பார்கள். பள்ளிக்கூடப் பையன்கள்தான் முக்கால்வாசி பரிமாறுகிறவர்கள். ஒரு பையன் என் தொன்னையில் கோசம்பரி வைத்துவிட்டு, குறைவாக இருக்கிறதே என்று அவனே யோசித்து, விரலால் தொன்னையைச் சாய்த்துப் பார்த்து இன்னொரு கரண்டி போட்டான். இப்போதும் அந்தத் தெரு வழியாகப் போனால் அந்தப் பையன் நினைவு வரும். இன்னும் ஒன்று செய்யலாம். அந்தப் பந்தல் நடத்துகிறவர்களிடம் ‘அடுத்த வருடம் எலுமிச்சம்பழம் நான் வாங்கித் தருகிறேன்’ என்று சொல்லிவையுங்கள். நான் அப்படிச் சொன்ன பிறகுதான் தெருவில் என் பெயர் நாலு பேருக்குத் தெரிந்தது.

ராமநவமியை ஒட்டிச் சாம்ராஜ்பேட்டைக் கோட்டை ஹைஸ்கூல் மைதானத்தில் ஒரு மாதத்துக்கும் மேலாகக் கச்சேரி நடக்கும். ஸ்ரீ ராமசேவா மண்டலி 1939-இல் ஆரம்பித்தது. எம்.எஸ். பாடிய மேடை. ஒவ்வொரு வருடமும் சென்னையிலிருந்து வித்வான்கள் வருகிறார்கள். பெரிய பந்தல், சாயங்காலக் காற்று, வெளியே காபி. மார்கழிக்குச் சென்னையில் இல்லையே என்று ஏங்குகிறவர்கள் இங்கே சித்திரையில் அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளலாம். கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம்.

அப்புறம் கரகம். இதைப் பார்க்காமல் பெங்களூரில் இருந்தேன் என்று சொல்லக் கூடாது என்பது என் கட்சி. சைத்ர மாதப் பௌர்ணமி இரவு, திகளர்பேட்டைத் தர்மராயசாமி கோயிலிலிருந்து புறப்படும். கன்னடப் பஞ்சாங்கமும் நம்முடையதும் கொஞ்சம் வேறு. அதனால் ஒரு வருடம் நம் பங்குனி உத்திரத்தை ஒட்டி வரும், இன்னொரு வருடம் சித்ரா பௌர்ணமியிலேயே வரும். கொண்டாடுவது திரௌபதியை. விழுப்புரம், ஆற்காடு பக்கத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம், ஊரில் தீமிதியும் பாரதக் கூத்தும் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். இங்கே திகளர் சமூகத்தார் அந்தத் தாயைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெண் வேடத்தில், வளையலும் குங்குமமுமாக, மல்லிகையால் கூம்புபோல் மூடிய கரகத்தைக் கையால் பிடிக்காமல் தலையில் தாங்கி வருவார். சுற்றிலும் வாளேந்திய வீரகுமாரர்கள். ‘கோவிந்தா கோவிந்தா’ என்று சத்தம் தூரத்தில் கேட்கும், அப்புறம் மல்லிகை வாசம் வரும், அதற்குப் பிறகுதான் கரகம் கண்ணில் படும். இரண்டு பக்கமும் நிற்கிறவர்கள் கைநிறைய மல்லிகையை அள்ளி வீசுவார்கள். காட்டன்பேட்டை மஸ்தான் சாகிப் தர்காவுக்கும் போய்விட்டுத்தான் ஊர்வலம் திரும்பும். இதை நேரில் பார்த்தபோது என் கண் கலங்கிவிட்டது.

நடைமுறை விஷயம் கொஞ்சம். கரகம் நள்ளிரவுக்குமேல்தான் வெளியே வரும், எத்தனை மணி என்று யாராலும் கச்சிதமாகச் சொல்ல முடியாது. அந்நேரம் மெட்ரோ இருக்காது. ஒன்று பக்கத்தில் யார் வீட்டிலாவது தங்குங்கள், இல்லை விடியும்வரை அங்கேயே இருக்கத் தயாராகப் போங்கள். சிறு குழந்தைகளைக் கோயில் வாசல் கூட்டத்துக்குள் கூட்டிப் போகவே வேண்டாம். ஒரு வருடம் என் மகள் கை நழுவி ஐந்து நிமிடம் காணாமல் போனாள். பூக்காரம்மா ஒருவர் கூடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். அந்த ஐந்து நிமிடத்தை என்னால் மறக்க முடியாது. குழந்தையோடு போகிறவர்கள் கோயிலை விட்டுத் தள்ளி, அகலமான தெருவில் நின்றால் போதும், கரகம் அங்கேயும் வரும். குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள்.

புனித வெள்ளிக்குச் சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் தமிழில் வழிபாடு உண்டு, கூட்டம் அதிகம், சீக்கிரம் போங்கள்.

மே மாதம் ஊரிலிருந்து அண்ணன் பிள்ளை, தங்கை பிள்ளை எல்லாம் வருவார்கள். ‘பெங்களூர் குளுகுளு என்று இருக்குமே’ என்று நினைத்து வருகிற பிள்ளைகள், ஏப்ரல் மே மத்தியானத்தைப் பார்த்து ஏமாந்து போவார்கள். காலையில் லால்பாக் பாறைமேல் ஏற்றுங்கள், மத்தியானம் கஸ்தூர்பா ரோடு விஸ்வேஸ்வரய்யா மியூசியத்துக்குள் விட்டுவிடுங்கள், சாயங்காலம் கப்பன் பார்க். ஞாயிற்றுக்கிழமை அங்கே வண்டிகளை விடுவதில்லை, பிள்ளைகள் ரோட்டிலேயே ஓடலாம். குடை மட்டும் எப்போதும் கையில் இருக்கட்டும், நாலு மணிக்குமேல் இடியோடு மழை பிடித்துக்கொள்ளும். விருந்தாளிகள் வருவதை வீட்டு ஓனரிடம் முன்பே சொல்லிவிடுவது மரியாதை. கோடையில் இங்கே பல வீடுகளில் லாரித் தண்ணீர்தான்.

மே கடைசியில், சில வருடம் ஜூனில், லால்பாக்கில் மாம்பழ மேளா போடுவார்கள். சீனிவாசபுரம், ராமநகரம் பக்கத்துப் பழம். பாதாமி என்று எழுதியிருந்தால் அதுதான் அல்போன்சா. நம் கிளிமூக்குக்கு இங்கே ‘கிணிமூத்தி’ என்று பெயர், ‘கிணி’ என்றாலும் கிளிதான். ரஸ்புரியை ஒரு கிலோவாவது வாங்குங்கள், அறுக்காமல் உருட்டிக் கசக்கிச் சாறாகக் குடிக்க அதைப்போல் இன்னொன்று இல்லை. ஊருக்குப் போக இதுதான் சரியான சமயம். கூட்டமெல்லாம் ஓய்ந்து, சாந்திநகரில் பஸ் சாவகாசமாகக் கிடைக்கும். முக்கால் பழமாக ஒரு பெட்டி பாதாமி வாங்கி, காகிதம் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் கொடுத்த இரண்டாம் நாள் பழுத்துவிடும்.