பழைய டிராக்டரில் உடைந்த கியர் லிவரை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உழவு நடந்துகொண்டிருக்கும்போது கியர் லிவர் கையோடு வந்துவிட்டால் யாருக்கும் பதறத்தான் செய்யும். அந்தப் பதற்றத்தில் அவசரப்பட்டுத்தான் சில்லறைச் செலவில் முடிய வேண்டிய வேலையை வண்டியை இரண்டாகப் பிரிக்கும் வேலையாக்கிவிடுகிறார்கள். பட்டறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளைக் கவனித்தால், அவர்களுக்கு முன்னால் கற்றுக்கொண்டவர்கள் செய்த அதே தவறுகளைத்தான் வரிசை மாறாமல் செய்கிறார்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது, பேட்டரி ஒயரைக் கழற்றுவது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இங்கே சொல்வது மாஸி ஃபெர்குசன் 1035 மாதிரியான பழைய வண்டிக்கு. மெயின் கியருக்கு ஒரு லிவர், ஹை-லோவுக்கு, அதாவது அதே கியர்களை வேகமாகவோ மெதுவாகவோ ஓடவைக்கும் பிரிவுக்கு, ஒரு லிவர். லிவரின் உடம்பில் ஒரு குண்டு இருக்கும். அது கியர் பெட்டியின் மேல் கவரில் உள்ள குழியில் ஸ்பிரிங் அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கும். குண்டுக்குக் கீழே இருக்கும் நாக்கு, உள்ளே உள்ள செலக்டர் ராடுகளின் வெட்டுக்குள் நுழைந்து கியரைத் தள்ளும். மேல்பகுதி நீளம், நாக்கு குட்டை. அதனால் கையால் தள்ளும் விசை நாக்கில் பல மடங்காக இறங்குகிறது. வளைக்கும் பாரம் அதிகமாக விழுவது குண்டை ஒட்டிய கழுத்தில். லிவர் பெரும்பாலும் அங்கேதான் முறியும்.

உடைந்த முகத்தைப் பார்க்காமல் புதிது வாங்குவது

முறிந்த இடத்தைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். முகம் முழுக்க மணல்மணலாகப் பளபளத்தால், ஒரே அடியில் முறிந்தது என்று அர்த்தம். யாரோ ஓங்கி இழுத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் கறுத்தோ துருப்பிடித்தோ இருந்து, மறுபக்கம் மட்டும் புதிதாக மின்னினால் விரிசல் வெகுநாளாக இருந்திருக்கிறது. தினமும் கியர் விழாமல் முரண்டு பிடித்திருக்கிறது, ஓட்டுபவர் தினமும் பலம் கொடுத்திருக்கிறார்.

அப்படியானால் குற்றவாளி லிவர் இல்லை. முதலில் கிளட்ச்சைப் பாருங்கள். மிதி சும்மா நகரும் தூரம் பழைய வண்டிகளில் ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்கும், சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கிறது. அந்தத் தூரம் கூடிப்போனால் மிதியை முழுசாக அமுக்கினாலும் கிளட்ச் முழுசாக விடாது. கியர் கரகரக்கும், கை தானாகப் பலம் கொடுக்கும். அடுத்து ரப்பர் பூட், அதாவது லிவரின் அடியை மூடியிருக்கும் ரப்பர் உறை. அது கிழிந்திருந்தால் சேற்று உழவின்போது தண்ணீர் உள்ளே இறங்கி, குண்டும் குழியும் துருவேறி லிவரே இறுகிவிடும். இந்த இரண்டையும் சரிசெய்யாமல் போட்ட லிவர் அடுத்த போகத்துக்குள் மறுபடி முறியும்.

வண்டியில் வைத்தே வெல்டிங் அடிப்பது

கூடாது. சூட்டில் ஸ்பிரிங் தளர்ந்துவிடும், குண்டின் குழி கெட்டுவிடும், எர்த் போகும் வழியில் உள்ள பேரிங்கும் தப்பாது. வேறு வழியே இல்லையென்றால் கழற்றி எடுத்து, முனைகளை வி வடிவில் சாணை பிடித்து, சூடேற்றி, 7018 வெல்டிங் ராடில் பற்றவைத்து, சாம்பலில் புதைத்து ஆறவிடுங்கள். குண்டிலும் நாக்கிலும் வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

அளவெடுக்காமல் வாங்குவது

குண்டின் விட்டம், குண்டிலிருந்து நாக்கு முனை வரை நீளம், நாக்கின் அகலம். மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

இரண்டு ராடும் நியூட்ரலில் இல்லாமல் கவரை மூடுவது

இவ்வளவு எழுதுவதே இதற்காகத்தான். மற்ற தவறுகளில் போவது ஒரு லிவரின் விலை. இதில் கியர் பெட்டியே போய்விடும்.

மெயின் கியருக்கு உள்ளே இரண்டு ராடுகள். ஒவ்வொன்றும் முன்னே ஒரு கியர், பின்னே ஒரு கியர், நடுவில் நியூட்ரல் என்று மூன்று இடங்களில் நிற்கும். ராடில் உள்ள பள்ளத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு சிறு குண்டு விழுந்து அதைப் பிடித்துக்கொள்ளும். வயலில் லிவர் முறியும்போது வண்டி ஏதோ ஒரு கியரில்தான் இருக்கும், ஆக ஒரு ராடு ஏற்கெனவே நகர்ந்திருக்கிறது. மூடும்போது அதை அப்படியே விட்டுவிட்டு, புதிய லிவரின் நாக்கை இன்னொரு ராடின் வெட்டில் இறக்கிவிட்டால் என்ன ஆகும்? லிவரைத் தள்ளியதும் ஏற்கெனவே விழுந்திருக்கும் கியரோடு இன்னொரு கியரும் சேர்ந்து விழும். ஒரே தண்டு ஒரே நேரத்தில் இரண்டு வேகத்தில் சுற்ற முடியாது, பெட்டி இறுகிவிடும். ஒரு ராடு நகர்ந்தால் மற்றதைப் பூட்டும் பின் பல பெட்டிகளில் உண்டு. ஆனால் பழைய வண்டியில் அது தேய்ந்திருக்கலாம், முன்பு பிரித்தவர் போடாமலே விட்டிருக்கலாம். அதை நம்பி இறங்காதீர்கள்.

இதன் பிறகு நடப்பதுதான் கோபத்தை வரவழைக்கிறது. கிளட்ச்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகிவிட்டு நின்றுவிடும். பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்துச் சங்கிலி கட்டி இன்னொரு வண்டியால் இழுப்பார்கள். இழுத்த அந்தக் கணத்தில் பல் உடையும், இல்லையென்றால் ராடோடு நகர்ந்து கியரைத் தள்ளும் ஃபோர்க் வளையும். உடைந்த பல்சக்கரத்தை மாற்ற வேண்டுமானால் வண்டியை நடுவில் பிரிக்க வேண்டும். நடவுக் காலத்தில் பட்டறையில் நாள்கணக்கில் வண்டி நிற்பதை நினைத்துப் பாருங்கள். கவரை மூடும் முன் ஒரு டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காது.

மூடும் முன் செய்ய வேண்டியது இது. ஹை-லோவை நியூட்ரலில் வையுங்கள், பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றும் பி.டி.ஓ. தண்டையும் இணைப்பிலிருந்து விடுவித்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஒரு ராடை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், பள்ளத்தில் குண்டு விழும் ‘டக்’ கையில் தெரியும். நடுப்பள்ளத்தில் நிறுத்துங்கள். அடுத்த ராடையும் அப்படியே. மேலிருந்து பார்த்தால் இரண்டு ராடுகளின் வெட்டும் ஒரே கோட்டில், ஒரே வாய்க்கால் போலத் தெரிய வேண்டும். அரை அங்குலம் தள்ளியிருந்தாலும் ஏதோ ஒன்று கியரில் இருக்கிறது. ஒருவர் கிளட்ச்சை மிதித்துக்கொண்டிருக்க, உள்ளே உள்ள சக்கரங்களைக் கையால் சுற்றிப் பாருங்கள், தடங்கலில்லாமல் சுற்ற வேண்டும்.

பிறகு லிவரை நேராக, நியூட்ரலில் பிடித்துக்கொண்டு கவரை இறக்குங்கள். ஹை-லோ லிவரின் நாக்கும் அதன் வெட்டில் இறங்குகிறதா என்று பாருங்கள். போல்ட் ஒன்றுகூடப் போடாத நிலையிலேயே கவர், இடையில் வைக்கும் பேக்கிங் தாளின் மேல் படிந்து உட்கார வேண்டும். ஒரு பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கி நின்றால் நாக்கு வெட்டில் விழவில்லை, ராடின் முதுகில் நிற்கிறது. அந்த இடத்தில்தான் ஸ்பேனரை எடுக்கிறார்கள். போல்ட்டை இறுக்கினால் கவர் தானாக உட்கார்ந்துவிடும் என்று எண்ணம். கவர் வார்ப்பிரும்பு, போல்ட் காது விரிசல் விட்டுவிடும், அல்லது பெட்டியின் மரை கழன்றுவிடும். தூக்குங்கள், பாருங்கள், மறுபடி இறக்குங்கள்.

போல்ட்டுகளைக் கை இறுக்கத்தில் விட்டு, கிளட்ச்சை மிதித்தபடி எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். உள்ளே பல்லோடு பல் முட்டி நின்றால் பின்சக்கரத்தைக் கொஞ்சம் அசைத்துவிட்டு மறுபடி போடுங்கள். ஒரு பக்கத்துக் கியர்கள் மட்டும் விழுந்து மறுபக்கம் போகவே மாட்டேன் என்றால், நாக்கு ஒரு ராடில் மட்டும் மாட்டியிருக்கிறது. எல்லாம் சரியென்றால் ஹை-லோவை ஹையில் போட்டு, மெயினை நியூட்ரலில் வைத்து, சமதரையில் வண்டியைத் தள்ளுங்கள். உருண்டால்தான் ஸ்டார்ட் செய்யலாம்.

உடைந்த துண்டை உள்ளே விட்டுவிடுவது

பழைய துண்டுகளை மேசையில் சேர்த்து வைத்துப் பொருத்திப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் அந்தச் சில்லு பெட்டிக்குள் இருக்கிறது. கம்பியில் கட்டிய காந்தத்தால் துழாவுங்கள். கிடைக்காவிட்டால் எண்ணெயைத் துணியில் வடிகட்டி இறக்குங்கள். இந்த வகை வண்டியில் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய், பம்ப் அந்த எண்ணெயில்தான் மூழ்கியிருக்கிறது. இரும்புத்தூள் அங்கே போனால் கலப்பை தூக்காமல் போகும்.

அதனால்தான் கவரைத் திறக்கும் முன்பே சுற்றியுள்ள சேற்றை டீசலும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவச் சொல்கிறோம். திறந்த வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள், காட்டன் வேஸ்ட் வேண்டாம். அதன் நூல் பம்ப்பின் சல்லடையில் போய் அடைக்கும்.

தடித்த பேக்கிங்

பழையது எந்தத் தடிப்போ அதே தடிப்பு. கூடினால் கவர் உயர்ந்து நாக்கு வெட்டில் பாதிதான் இறங்கும். பேஸ்ட்டை மெல்லப் பூசினால் போதும், பிதுங்கினால் உள்ளேதான் விழும்.

ஸ்டார்ட் சுவிட்ச்சைச் சோதிக்காமல் வண்டியைக் கொடுப்பது

சில வண்டிகளில் ஹை-லோ லிவரை ‘ஸ்டார்ட்’ நிலையில் வைத்தால் மட்டுமே ஸ்டார்ட்டர் சுற்றும். வேலை முடிந்ததும் மெயின் லிவரை நியூட்ரலில் வைத்து, கிளட்ச்சை மிதித்துக்கொண்டு, ஹை-லோவை ஹையிலும் லோவிலும் மாறி மாறிப் போட்டுச் சாவியைத் திருப்புங்கள். சுற்றக் கூடாது. சுற்றினால் சுவிட்ச் கெட்டிருக்கிறது, அல்லது யாரோ ஒயரை நேரடியாக இணைத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட வண்டியைக் கீழே நின்றபடி ஸ்டார்ட் செய்தால், கியரில் இருக்கும் பட்சத்தில் பின்சக்கரம் நிற்பவர் மேலேயே ஏறும். அதைச் சரிசெய்யாமல் வண்டியை வெளியே அனுப்பக் கூடாது. சரியாக இருந்தால் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு வந்து, கவர் போல்ட்டுகளை எதிரெதிராக இன்னொரு முறை இறுக்கி, பேக்கிங் ஓரத்தில் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.