அகழி சூழ்ந்த ஆங்கிலேய வீட்டைப் பார்ப்பது எப்படி: ஐட்டம் மோட்டை வைத்து ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில் அகழி சூழ்ந்த பழைய வீடு எதற்காவது போகிறீர்கள் என்றால், பாலத்தைப் பார்த்ததும் விறுவிறுவென்று உள்ளே போய்விடாதீர்கள். முதலில் அகழிக்கரையை ஒட்டி ஒரு முழுச் சுற்று நடங்கள். உள்ளே போனால் கட்டில், நாற்காலி, ஓவியம், பேய்க்கதை என்று கவனம் எங்கெங்கோ போய்விடும், ஆனால் வீடு தன் வயதைச் சொல்வது பெரும்பாலும் வெளிச்சுவரில்தான்.

இதைப் பழகிக்கொள்ள கென்ட்டில் செவனோக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஐட்டம் மோட்டைவிட நல்ல வீடு எனக்குத் தெரியவில்லை. 14ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கட்டத் தொடங்கியது, நடுவில் முற்றம், அதைச் சுற்றி எழுபதுக்கும் மேற்பட்ட அறைகள். கை மாறியபோதெல்லாம் வந்தவர்கள் ஒரு ஜன்னல், ஒரு கூரை, ஒரு மாடி என்று சேர்த்துக்கொண்டே போனார்களே தவிர, மொத்தமாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவில்லை. அதனால்தான் எல்லாக் காலமும் ஒரே இடத்தில் கிடைக்கிறது.

சரி, தண்ணீரிலிருந்து ஆரம்பிப்போம். அகழி என்றால் நமக்குக் கோட்டையும் முதலையும் முற்றுகையும்தான் ஞாபகம் வரும், இங்கே அதை மறந்துவிடுங்கள். இது அரசன் கோட்டை இல்லை, நிலக்கிழார் வீடு. இங்கிலாந்தில் இப்படி அகழி வெட்டிய இடங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை ஏறத்தாழ 1250க்கும் 1350க்கும் இடையில் வெட்டப்பட்டவை. திருடனையும் ஆடுமாட்டையும் தள்ளிவைக்க, மீன் வளர்க்க, ஈரநிலத்திலிருந்து தண்ணீரை வடிக்க எல்லாம் அகழி உதவியது. அதற்கெல்லாம் மேலே, ‘நானும் பெரிய மனுஷன்தான்’ என்று ஊருக்குக் காட்ட உதவியது. சந்தேகமாக இருந்தால் ஐட்டம் மோட்டில் நின்று தலையைத் தூக்கிச் சுற்றிலும் பாருங்கள், வீடு பள்ளத்தில் இருக்கிறது. சண்டையை நினைத்துக் கட்டுகிறவன் மேட்டை எதிரிக்கு விட்டுவிட்டுப் பள்ளத்தில் போய் உட்காரமாட்டான். ஓடைத் தண்ணீர் வந்து சேரும் இடம் என்பதால்தான் இந்தப் பள்ளம். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று தேடிப் பாருங்கள், அது பிடிபட்டால் வீடு ஏன் இங்கே இருக்கிறது என்பதும் பிடிபடும்.

இன்னொன்று, அந்தக் காலத்து வீடுகளில் கழிப்பறைக் குழிகள் நேராக அகழியில்தான் போய் விழும். வார்விக்‌ஷயரில் இருக்கும் பேடஸ்லி கிளின்டன் என்ற இன்னொரு அகழி வீட்டில், கத்தோலிக்கப் பாதிரிகள் வேட்டையாடப்பட்ட 1591இல் அதிகாரிகள் சோதனைக்கு வந்தபோது, பாதிரிகள் சிலர் தரைக்குக் கீழே இருந்த ஒளிவிடத்தில் கணுக்கால் அளவு தண்ணீரில் நான்கு மணி நேரம் நின்று தப்பினார்கள். அந்த ஒளிவிடம் பழைய கழிவுநீர்ச் சுரங்கம்தான். அகழி மட்டத்தில் சுவரில் தெரியும் திறப்புகளைக் கவனிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அப்புறம் சுவர். ஐட்டம் மோட்டில் சாம்பல் நிற ராக்ஸ்டோன் கல் ஒரு பக்கம், கருத்த ஓக் மரச்சட்டத்துக்கு நடுவே பூசிய சுவர் இன்னொரு பக்கம். இரண்டும் சேரும் இடத்தில் நின்று பாருங்கள். கல்வேலை சட்டென்று நிற்கிறதா, ஜன்னல் வரிசை மட்டம் மாறுகிறதா, கூரை ஒரு முழம் ஏறி இறங்குகிறதா? அங்கே ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்கியிருக்கிறார் என்று அர்த்தம். நடுவில் வளைவு வைத்த மூன்று பிரிவு வெனீஷியன் ஜன்னல் ஒன்று மற்ற எதோடும் ஒட்டாமல் தெரியும், அது 18ஆம் நூற்றாண்டு நாகரிகம்.

இப்போது பாலத்தைக் கடக்கலாம். வாயில் கோபுரத்தில் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்வாக வெட்டிய ஒடுக்கமான துளை ஒன்று இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். கதவைத் திறக்காமலே வந்தவரோடு பேசவும் கடிதம் வாங்கவும் வைத்தது. முற்றத்துக்குள் வந்ததும் வாயிலுக்கு முதுகைக் காட்டி நின்றால் எதிரே பெருங்கூடம். இந்த மாதிரி வீடு எதுவானாலும் முதலில் பெருங்கூடத்தைக் கண்டுபிடியுங்கள், அதன் ஒரு முனை எஜமானர் அறைகளுக்குப் போகும், மறுமுனை சமையல்கட்டுக்கு. திசை குழம்பவே குழம்பாது. கூடத்துக்குள் கண்ணை மேலே ஓட்டுங்கள், கூரையைத் தாங்கும் இடங்களில் முதுகு வளைந்து பாரம் சுமக்கும் கோணல்மாணலான உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கீழே சுவரில் இருக்கும் மரப்பலகைகளைப் பார்த்து அதே காலம் என்று நினைத்துவிடாதீர்கள், அவை 19ஆம் நூற்றாண்டு வேலை. முற்றத்தில் இருக்கும் பெரிய நாய்க்கூண்டும் அந்த நூற்றாண்டுக் கடைசியில் டைடோ என்ற செயின்ட் பெர்னார்ட் நாய்க்காகக் கட்டியதுதான். அதற்கும் முதல் தரப் பாதுகாப்புச் சின்னம் என்ற அந்தஸ்து உண்டு!

நிதானமாக நிற்கவேண்டிய இடம் சிற்றாலயம். பீப்பாய் போல் வளைந்த மரக்கூரை முழுக்க வண்ணம் தீட்டியிருக்கிறார்கள், நிறம் ரொம்பவே மங்கிவிட்டது, அதனால் கண் பழகும்வரை பொறுத்திருங்கள். முதலில் டியூடர் அரச குடும்பத்தின் சின்னமான டியூடர் ரோஜா தெரியும். பிறகு கோட்டை, அம்புக்கட்டு, மாதுளம்பழம். இந்தக் கடைசி மூன்றும் ஸ்பெயினிலிருந்து வந்த ராணி கேத்தரினோடு, அதாவது எட்டாம் ஹென்றியின் முதல் மனைவியோடு, சேர்ந்த சின்னங்கள். 1521இல் வீட்டை வாங்கிய ரிச்சர்ட் கிளெமென்ட், எட்டாம் ஹென்றியின் அரசவையைச் சேர்ந்தவர், விசுவாசத்தைக் கூரையிலேயே எழுதிவிட்டார். 1533இல் ஹென்றி கேத்தரினோடு செய்த திருமணமே செல்லாது என்று ஆக்கிவிட்டார். அதற்குப் பிறகு மாதுளையை வரைய யாருக்குத் துணிச்சல் வரும்? தேதி எழுதாத கட்டடத்துக்குக் காலம் கணிப்பது இப்படித்தான், சின்னம் யாருடையது, அவர் எப்போது செல்வாக்கோடு இருந்தார் என்று கேட்டுக்கொண்டே போகவேண்டும்.

மரத்தைத் தொடாமல் கிட்டப் போய்ப் பாருங்கள், பழைய ஓக்கில் வெளிறிய புதுத்துண்டு ஒட்டுப்போட்ட இடங்கள் இருக்கும். 1985இல் இந்த வீடு பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் ட்ரஸ்ட் என்ற அமைப்புக்கு வந்தது. கொடுத்தவர் சார்லஸ் ஹென்றி ராபின்சன் என்ற அமெரிக்கர், 1953இல் வாங்கியவர். அதன்பின் 1989 முதல் 2004 வரை, ஒரு கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்து, பகுதி பகுதியாகப் பிரித்து, கெட்டுப்போன மரத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் புது ஓக்கைப் பொருத்தினார்கள். புதியதைப் பழசு மாதிரி வேஷம் போடவைக்காதது எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

இது கைவந்துவிட்டால் அடுத்து நார்ஃபோக்கில் ஆக்ஸ்பரோ ஹாலுக்குப் போங்கள். 1482இல் அரச அனுமதி வாங்கி பெடிங்ஃபீல்ட் குடும்பம் எழுப்பியது, கல் இல்லை, செங்கல். அங்கேயும் முதலில் வெளிச்சுற்றுதான்.